சோகப் பாட்டில் ஏன் கடன் வருவதில்லை?

2024 நவம்பர் 9 – வாசகர் ஒருவரின் கேள்வி

"மனசு உடைஞ்சவனுக்குப் பாட்டைவிட நல்ல மருந்து கிடையாது. செலவும் கிடையாது. டாக்டருக்குக் கொடுக்கக் கையில் காசில்லாதவனுக்கும் ஒரு ஹெட்போன் போதும். இதை மறுக்கிறவங்க உண்டா?"

நவம்பர் 9, இரவு

நான் மறுக்கிறேன். எண்பதுகளின் கடைசியிலும் தொண்ணூறுகளிலும் செங்கோட்டையில் ஒரு பாட்டுப் பதிவுக் கடையில் உட்கார்ந்து கேசட் போட்டுக் கொடுத்தவன் நான். காதல் முறிந்தவர்கள் எழுதிக் கொண்டுவந்த பாட்டுப் பட்டியல்களை என்னளவுக்குப் படித்தவர்கள் குறைவு. அவர்களில் யாரையும் பாட்டு குணப்படுத்திப் பார்த்ததில்லை. அழ வைத்தது, அதைச் சரியாகவே செய்தது. ஆனால் எதற்காக அழுகிறோம் என்பதை அது மறைத்துவிட்டது. முறிந்ததில் முக்கால்வாசி பணத்தால் முறிந்தது. பாட்டிலோ பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது. நிலா இருக்கும், விதி இருக்கும், அவள் மறந்துபோனாள் என்று இருக்கும்.

நேரம் கிடைக்கும்போது விரிவாக எழுதுகிறேன்.

நவம்பர் 10

கடையைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள்.

செங்கோட்டை இரண்டும் கெட்டான் ஊர். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்–கொச்சியில் இருந்து, அப்புறம் சென்னை மாநிலத்துக்கு வந்தது. ஊருக்குள் வரும்போது சங்கு முத்திரையோடு அந்தப் பழைய வளைவை இன்றும் பார்க்கலாம். கொல்லத்துக்கு மீட்டர்கேஜ் ரயில் ஓடிய காலம். புனலூர், இடமண், தென்மலை, ஆரியங்காவு என்று வழியில் உள்ள எல்லா ஊரிலிருந்தும் ஆட்கள் இறங்குவார்கள். துணி எடுக்க, பாத்திரம் வாங்க, பாட்டுப் பதிய.

கோடு போட்ட நோட்டுத் தாளில் பட்டியல் வரும். 60 நிமிடக் கேசட் என்றால் ஒரு பக்கத்துக்கு ஆறேழு பாட்டு. 90 என்றால் பத்துக்குப் பக்கம். ஆனால் 90-ல் நாடா மெலிது, சீக்கிரம் சிக்கும், அதனால் விவரம் தெரிந்தவர்கள் 60 தான் கேட்பார்கள். பாட்டுக்கு இவ்வளவு என்று கூலி, கேசட் விலை தனி. உள்ளட்டையில் பாட்டின் முதல் வரியை நான் எழுதுவேன். கடைசியில் மேல்முனையில் இருக்கும் இரண்டு பிளாஸ்டிக் பற்களை உடைத்துவிடச் சொல்வார்கள், யாரும் மேலே பதிந்துவிடக் கூடாதென்று. சினிமாப் பாட்டுக் கதம்பம் கேட்பவர்கள் இதைச் சொல்ல மறப்பார்கள். சோகப் பாட்டுக்காரர்கள் மறக்கவே மாட்டார்கள்.

ஒரே பாட்டை இரண்டு பக்கமும் திரும்பத் திரும்பப் பதியச் சொல்பவர்கள் உண்டு. தென்மலைப் பக்கம் மரம் அறுக்கிற ஒரு பையன் அப்படிக் கேட்டான். "ஒரே பாட்டுதானே அண்ணாச்சி, ஒரு பாட்டுக் காசு வாங்கிக்கிடுங்க" என்றான். கடைக்கார அண்ணாச்சி அவனை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "மிஷின் பன்னெண்டு பாட்டு நேரமும் ஓடணும்லா தம்பி" என்றார். அவன் பாக்கெட்டிலிருந்து எடுத்து மேசையில் வைத்த காசு பாதிதான் இருந்தது. ஒரு பக்கம் மட்டும் பதிந்து வாங்கிக்கொண்டு ரயிலுக்குப் போனான்.

ஆக, செலவில்லாத மருந்து என்பது அன்றைக்கும் உண்மையில்லை.

நவம்பர் 10, பிறகு

இன்றைக்கு இலவசம்தானே என்கிறீர்கள். மாத ரீசார்ஜ் யார் போடுகிறார்கள்?

நவம்பர் 13

"தமிழ்ப் பாட்டில் பணமே இல்லையா? பட்டுக்கோட்டையாரை மறந்துவிட்டீர்களா? கண்ணதாசன்?" என்று இரண்டு மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள்.

மறக்கவில்லை. உழைப்பையும் கூலியையும் பசியையும் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரத்தைப் போலச் சினிமாவுக்குள் கொண்டுவந்தவர் இல்லை. 29 வயதில், 1959-ல், போய்விட்டார். கண்ணதாசனோ சொந்தப்படம் எடுத்துக் கடன்பட்டவர். வட்டிக்காரன் வாசலில் நிற்பது எப்படி இருக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நான் சொல்வது வேறு. தமிழ் சினிமா பணத்தைத் தத்துவப் பாட்டில் வைத்தது. காதலைக் காதல் பாட்டில் வைத்தது. கேசட்டிலும் அப்படியே பிரித்தோம்: "தத்துவப் பாடல்கள்" ஒரு கேசட், "காதல் சோகம்" ஒரு கேசட். தத்துவக் கேசட்டை வயதானவர்கள் வாங்கினார்கள், சோகக் கேசட்டை இருபது வயதுக்காரர்கள் வாங்கினார்கள். பணம்தான் உன் கல்யாணத்தைக் கெடுத்தது என்று அந்த இருபது வயதுக்காரனிடம் அவன் கேட்கிற பாட்டில் யாரும் சொல்லவில்லை. அவனுக்குச் சொன்னதெல்லாம் அவள் கல்நெஞ்சக்காரி என்பதுதான்.

வறுமையால் பிரியும் காதலர்கள் படங்களில் நிறைய உண்டே என்றால், உண்டு. கதையில் இருக்கும், வசனத்தில் இருக்கும். பாட்டு தொடங்கியதும் காணாமல் போய்விடும். கேசட்டில் கதையும் வசனமும் வராது. பாட்டு மட்டும்தான் வரும்.

நவம்பர் 17

மலையாளத்தில் நிலைமை வேறு என்று எழுத நினைத்துத் தள்ளிப்போட்டு வந்தேன். இன்று எழுதிவிடுகிறேன்.

கேரள முஸ்லிம்களின் மாப்பிளைப் பாட்டில் கத்துப் பாட்டு என்று ஒரு வகை, கடிதமாகவே பாடுவது. எழுபதுகளின் பிற்பகுதியில் எஸ். ஏ. ஜமீல் எழுதிப் பாடிய துபாய்க் கத்துப் பாட்டு கேரளம் முழுக்கப் பரவியது. வளைகுடாவில் இருக்கும் கணவனுக்கு ஊரிலிருக்கும் மனைவி எழுதுகிறாள். நீ அனுப்பும் காசும் பொருளும் வருகிறது, நீ வருவதில்லை, என் வயது போகிறது. பாட்டின் சாரம் இதுதான். இளமைக்கும் காசுக்கும் நடுவில் நடக்கும் வியாபாரத்தை ஒரு பெண்ணின் வாயால் நேராகச் சொல்லிவிட்டார். அதற்குக் கணவன் எழுதும் பதிலையும் அவரே பாடினார்.

இந்தப் பாட்டை எங்கள் கடையில் பதியக் கேட்டு வந்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். புனலூர், அஞ்சல் என்கிற ஊர்களின் பக்கத்துக் குடும்பங்கள். கேசட் போட்டு அதையே ஷார்ஜாவுக்கும் மஸ்கட்டுக்கும் அனுப்புவார்கள். நம் பக்கத்திலும் வளைகுடாவுக்குப் போனவர்கள் குறைவில்லை. கடையநல்லூர், தென்காசி, புளியங்குடி என்று வீட்டுக்கு வீடு ஆள் போனது. ஆனால் நம் வீட்டுப் பெண் கேட்பதற்கு இப்படி ஒரு பாட்டு என்னிடம் இருந்ததில்லை. கேட்டு வந்தவர்களுக்கு சினிமாவின் பிரிவுப் பாட்டைத்தான் பதிந்து கொடுத்தேன். அதில் வரும் பிரிவுக்கு விசாவும் இல்லை, ஏஜென்டுக்குக் கட்டிய பணமும் இல்லை.

நவம்பர் 18

"அப்போ பாட்டில் வட்டிக் கணக்கு போடச் சொல்கிறீர்களா?"

ஆமாம். போட்டால் என்ன?

நவம்பர் 24

இந்த நினைப்பு எனக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டவருக்கு.

நான் வளர்ந்தது குளத்தூப்புழைக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில். ஒரு பெண்ணை விரும்பினேன், அவளும் விரும்பினாள். எங்கள் லயத்துக்கு இரண்டு லயம் தள்ளி அவர்கள் வீடு. அவள் டைப்ரைட்டிங் வகுப்புக்குச் செங்கோட்டைக்கு வந்து போவாள். வகுப்பு முடிந்து ரயில் ஏறும் முன் கடைக்கு வந்து, எதுவும் பதியாமல், உள்ளட்டைகளில் நான் எழுதியதைப் படித்துக்கொண்டு நிற்பாள். தொண்ணூறுகளின் நடுவில் அவளுக்குப் புனலூர்ப் பக்கம் மாப்பிள்ளை பார்த்துக் கல்யாணம் செய்துவிட்டார்கள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கையில் கடை இருக்கிறது, கடை முழுக்கப் பாட்டு இருக்கிறது. கேட்டேன். எல்லாப் பாட்டும் ஒரே சேதியைச் சொன்னது: மறந்துவிட்டாள், வசதியைப் பார்த்துப் போய்விட்டாள். பல வருஷம் அதை நம்பி வாழ்ந்தேன்.

ரொம்ப காலம் கழித்து, தோட்டத்தில் ஒரு துக்க வீட்டில் அவள் தம்பியைப் பார்த்தேன். மறுநாள் தன் வீட்டுக்கு அழைத்துப்போய் ஒரு நோட்டைக் காட்டினான். அவர்கள் அப்பா சேர்ந்திருந்த ஏலச்சீட்டின் கணக்கு. மூத்த பெண்ணின் கல்யாணச் செலவுக்காக இரண்டாம் மாசமே தள்ளி எடுத்திருக்கிறார். அப்புறம் மாசாமாசம் தவணை. தேதி, தொகை, யார் கையில் கொடுத்தது என்பதெல்லாம் அவள் எழுத்தில் இருந்தது. டைப் படித்தவள் இல்லையா, எண்களை ஒன்றின் கீழ் ஒன்று கோடு பிடித்த மாதிரி எழுதுவாள். அந்த மழைக்காலத்தில் இரண்டு தவணை நின்றிருக்கிறது. ரப்பர் மரத்தில் பால்வெட்டு இல்லாத மாசங்கள். "பாக்கி" என்று எழுதி அடியில் கோடு போட்டிருக்கிறாள். அடுத்த பக்கத்திலிருந்து வேறு கையெழுத்து, வேறு மை. அது மாப்பிள்ளையின் கையெழுத்து என்று தம்பி சொன்னான். மீதித் தவணை அத்தனையும் அவர் கட்டியிருக்கிறார். நகையும் கேட்கவில்லை, ரொக்கமும் கேட்கவில்லை. லாரி வைத்திருந்தவர்.

அந்த நோட்டு கையில் இருக்கும்போது நான் கேட்ட பாட்டுகள் மேல் எனக்கு வந்த கோபம் இன்னும் போகவில்லை. அவளைக் குற்றவாளியாக்க அத்தனை வாத்தியம் வாசித்தார்கள். அவள் வீட்டில் எவ்வளவு பாக்கி என்று என்னைக் கேட்கவைக்க ஒரு பாட்டுகூட இல்லை.

நவம்பர் 25

ஆறுதல் சொன்னவர்களுக்கு நன்றி. அதைவிட, சீட்டு எப்படி ஓடுகிறது என்று கேட்ட கல்லூரிப் பிள்ளைக்குப் பதில் சொல்வது உபயோகமாக இருக்கும்.

இருபத்தைந்து பேர், ஆளுக்கு மாதம் 200 என்று வையுங்கள். கையில் சேரும் தொகை 5,000. அவசரம் உள்ளவர் ஏலம் கேட்பார். "ஆயிரத்து ஐந்நூறு தள்ளுகிறேன்" என்று அவர் சொல்லி, அதற்குமேல் தள்ள ஆளில்லை என்றால், அவர் கைக்கு 3,500 போகும். தள்ளிய 1,500-ல் நடத்துபவரின் கமிஷன் போக மீதியை உறுப்பினர்களுக்குப் பிரித்துத் தவணையில் கழிப்பார்கள். எடுத்தவர் கடைசி மாதம் வரை தவணை கட்டியாக வேண்டும். அவசரமில்லாதவர் கடைசியில் எடுத்துக் கிட்டத்தட்ட முழுத்தொகை வாங்குவார். அதாவது சீக்கிரம் கல்யாணம் வந்த வீடு, பொறுத்திருக்க முடிந்த வீட்டுக்கு வட்டி கட்டுகிறது.

இரண்டாம் மாசமே எடுத்த வீட்டில் அதற்கப்புறம் வயசுக்கு வரும் அடுத்த பெண்ணின் நிலை என்ன என்று நீங்களே போட்டுப் பார்க்கலாம்.

நவம்பர் 30

ராயல்டி பற்றி ஒருவர். சுருக்கமாக: 2012-ல் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியபோதுதான் பாட்டு எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் ராயல்டியில் விட்டுக்கொடுக்க முடியாத பங்கு என்று வந்தது. அதற்கு முன் பெரும்பாலும் தயாரிப்பாளர் ஒரு தொகை கொடுத்தால் அதோடு சரி. எங்களை அழவைத்த பாட்டை எழுதியவர் வீட்டிலும் அடுத்த மாச வாடகைக் கவலை இருந்திருக்கலாம். அதை எழுத அவரை யாரும் கூப்பிடவில்லை.

டிசம்பர் 1

சின்னம்மாவைப் பற்றி.

எங்கள் குடும்பம் இலங்கையில் பதுளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தது. 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் தோட்டத் தமிழர்களைப் பிரித்துக்கொள்ளும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974-ல் நாட்டுக்குப் பாதி என்று பிரித்தார்கள். புனலூரைச் சுற்றி, வந்தவர்களுக்கு வேலை கொடுப்பதற்காகவே எழுபதுகளில் அரசு அமைப்பில் ரப்பர் தோட்டங்கள் எழுந்தன. தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்து அங்கே வந்தோம். தேயிலை கிள்ளிய கைகள் கத்தி பிடித்துப் பால்வெட்டப் பழகின.

சின்னம்மாவுக்கு மாமன் மகனைப் பேசி வைத்திருந்தது. மாமன் வீடு இலங்கைப் பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டது. எங்கள் தாத்தா இந்தியாவுக்குப் போட்டிருந்தார். அவ்வளவுதான். ஒரே லயத்தில் அடுத்தடுத்த காம்பராக்கள் (அறைகள்), இரண்டு நாடு.

சின்னம்மா பால்வெட்டும்போது பாடுவாள். விடியுமுன் இருட்டில், நெற்றியில் கட்டிய விளக்கோடு மரத்துக்கு மரம் போகும்போது குரல் நகர்ந்துகொண்டே போகும். அது சினிமாப் பாட்டு இல்லை, தோட்டத்துப் பாட்டு. அதில் என்னவெல்லாம் இருந்தது தெரியுமா? மாமன் வீட்டில் கொடுத்த தோடு. அதை அடகு வைத்த கடை. எவ்வளவுக்கு வைத்தது, வட்டி எவ்வளவு ஏறியது. வேலை மேற்பார்க்கும் கங்காணிக்குக் கொடுத்தது. கப்பலில் பெட்டியோடு வந்த பாத்திரம் எத்தனை. எல்லாத் தொகையும் பாட்டுக்குள்ளே, தாளம் தப்பாமல். அப்புறம்தான் அவன் முகம் வரும்.

தேயிலைத் தோட்டத்துப் பாட்டே அப்படித்தான். பழைய நாளில் துண்டு என்று ஒரு சீட்டு. கூலிக்காரர் எவ்வளவு கடன்பட்டிருக்கிறார் என்று அதில் எழுதியிருக்கும். அடுத்த தோட்டத்துக்குப் போக வேண்டுமென்றால் அந்தக் கடனைப் புதுத் தோட்டம் அடைக்க வேண்டும். 1921-ல் ஒழித்தார்கள். ஆளோடு கடனும் சேர்ந்து நடந்த சனத்தின் பாட்டில் கடன் வராமல் எப்படி இருக்கும்?

சின்னம்மா அவனைக் குறை சொல்லிப் பாடி நான் கேட்டதே இல்லை. அவளுக்குக் கணக்கு தெரிந்திருந்தது.

டிசம்பர் 2

இலங்கை வானொலி பற்றி ஆளாளுக்கு எழுதி இழையைத் திசை திருப்பிவிட்டீர்கள், எனக்கும் சந்தோஷம்தான். எங்கள் லயத்தில் அதைக் கேட்காத வீடு இல்லை. அறிவிப்பாளர்கள் கே. எஸ். ராஜாவின் வேகம், பி. எச். அப்துல் ஹமீதின் சுத்தமான உச்சரிப்பு, 'பாட்டுக்குப் பாட்டு' நிகழ்ச்சி. வேறொன்றும் உண்டு. அங்கே விட்டு வந்த ஊர்களின் பெயரை நேயர் விருப்பத்தில் சொல்வார்கள். ஹட்டன், பண்டாரவளை, பதுளை என்று வந்தால் அம்மா கரண்டியை வைத்துவிட்டு நிற்பார். பாட்டு தொடங்கியதும் வேலைக்குத் திரும்பிவிடுவார்.

டிசம்பர் 8

லாட்டரி பற்றியும் சொல்லாமல் இந்தப் பக்கத்துப் பண விஷயம் முடியாது.

கேரள அரசு 1967-ல் லாட்டரித் துறை தொடங்கி 1968 ஜனவரி 26-ல் முதல் குலுக்கல் நடத்தியது. சீட்டு ஒரு ரூபாய், முதல் பரிசு 50,000. தமிழ்நாட்டில் 2003-ல் லாட்டரியைத் தடை செய்தார்கள். அதிலிருந்து எல்லை ஊர்களில் வாளையார், கோபாலபுரம், ஆரியங்காவு, குமுளி என்று நம் ஆட்கள் கூட்டம்தான். 2023 ஓணம் பம்பரில் 25 கோடி திருப்பூர்ப் பக்கத்து நண்பர்கள் நாலு பேருக்குச் சேர்ந்து விழுந்தது, சீட்டு வாளையாரில் வாங்கியது. அந்தச் சேதி வந்த பிறகு எல்லையோரப் புளியரை தாண்டி வரும் பைக்குகளைப் பார்க்க வேண்டும்.

25 கோடி என்றால் 25 கோடி கைக்கு வராது. பத்து சதவீதம் ஏஜென்ட் கமிஷன், மீதியில் முப்பது சதவீதம் வரிப்பிடித்தம், அப்புறம் சர்சார்ஜ் என்ற கூடுதல் வரி. கமிஷனும் பிடித்தமும் போக 15 கோடியே 75 லட்சம்.

எனக்குத் தெரிந்த ஒரு பையன் தென்காசியில் மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசித்தான். கல்யாண வீட்டுக் கச்சேரிக் கூலி கைக்கு வந்ததும் முதல் வேலையாக எல்லை தாண்டி சீட்டு வாங்குவான். பெண் வீட்டில் "சொந்தமா வீடு இருக்கா?" என்று கேட்டிருந்தார்கள். ஒரு வருஷம் அப்படியே வாங்கினான். அவன் வாசித்த கல்யாண மேடைகளில் ஒன்று அந்தப் பெண்ணுடையது. வாசித்தான், கூலியும் வாங்கினான். அன்றைக்குச் சீட்டு வாங்கவில்லை.

டிசம்பர் 15

"பணம் பணம் என்கிறீர்கள், மனசு என்று ஒன்று இல்லையா? பணமிருந்தும் பிரிகிறவர்கள் இல்லையா?"

இருக்கிறார்கள். அவர்களுக்குத்தான் ஏற்கனவே நிறையப் பாட்டு இருக்கிறதே. நான் பேசுவது மற்றவர்களுக்காக.

ஓர் உதாரணம். 2011-ல் ரப்பர் ஷீட் கிலோ 240 ரூபாய்க்குப் பக்கம் போனது. ஒரு ஏக்கர், ரெண்டு ஏக்கர் வைத்திருந்தவர்கூட வீட்டுக்கு மாடி எடுத்தார், பெண்ணுக்குப் பெரிய இடம் பார்த்தார். காய்ந்து ஒட்டிய கழிவான ஒட்டுப்பாலுக்குக்கூட அன்றைக்கு மரியாதை. 2016 தொடக்கத்தில் அதே ஷீட் 100-க்குக் கீழே வந்துவிட்டது. வெட்டுக்கூலிக்கே கட்டவில்லை என்று பல பேர் மரத்தில் பால்வெட்டாமல் விட்டார்கள். அந்த வருஷங்களில் எங்கள் பக்கத்தில் நிச்சயமாகி நின்றுபோன கல்யாணங்கள் எனக்குத் தெரியும். பையனுக்கும் பெண்ணுக்கும் நடுவில் ஒரு சண்டை கிடையாது. 2024 ஆகஸ்டில் விலை மறுபடி 240-ஐத் தாண்டியது. நின்றுபோனவர்களுக்கு அதற்குள் வேறு வேறு குடும்பம் ஆகிவிட்டது.

கோட்டயத்தில் ரப்பர் போர்டு தினமும் போடும் விலையைப் பார்த்துத் தாலிக்கு நாள் குறித்தார்கள் என்றால் மிகையில்லை.

டிசம்பர் 26

ஆரியங்காவு ஐயப்பன் கோயிலுக்குப் போய் வந்தேன். போகாதவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாக.

மார்கழியில் மண்டல பூஜையை ஒட்டி அங்கே ஐயப்பனுக்கும் புஷ்கலாதேவிக்கும் கல்யாணம். மதுரை சௌராஷ்டிரர்கள் பெண் வீட்டார். கதை இதுதான். மதுரையிலிருந்து ஒரு பட்டு வியாபாரி திருவிதாங்கூர் அரண்மனைக்குத் துணி விற்கப் போகிறார், கூடவே மகள். காட்டுவழி பயம் என்று மகளைக் கோயில் மேல்சாந்தி (தலைமைப் பூசாரி) வீட்டில் விட்டுவிட்டு மேலே நடக்கிறார். வழியில் யானை துரத்துகிறது. ஒரு வேட்டைக்காரன் காப்பாற்றுகிறான். நன்றிக்குப் பட்டுச் சால்வை கொடுக்கிறார், மகளையும் தருவதாக வாக்குக் கொடுக்கிறார். திரும்பிவந்து பார்த்தால் அந்தச் சால்வை சாமி மேல் இருக்கிறது.

வியாபாரத்துக்குப் போன இடத்தில் பட்ட நன்றிக்கடன், அதற்குப் பெண். எங்கே பார்த்தாலும் எனக்குக் கணக்குத்தான் தெரிகிறது என்று நீங்கள் சொல்லலாம். ஆனால் கல்யாணச் சடங்குகளில் ஒன்றின் பெயரே பாண்டியன் முடிப்பு. பண முடிப்பு வைக்கிற சடங்கு. நான் சேர்க்கவில்லை, அவர்களே வைத்திருக்கிறார்கள்.

நாதஸ்வரம் கல்யாண வீட்டுக்கு வாசிப்பது போலவே முழு நிறைவாக வாசிக்கிறார்கள். சம்பந்திகள் வருகிறார்கள், சீர் வருகிறது. தாலி கட்டும் நேரத்தில் பெண் ருதுவாகிவிட்டாள் என்று சேதி வருகிறது. கல்யாணம் நிற்கிறது. வருஷாவருஷம் இப்படித்தான். அடுத்த வருஷமும் மதுரையிலிருந்து பெண் வீட்டார் இதே போல வருவார்கள்.

எனக்கு அங்கே பிடித்தது, நின்றுபோன கல்யாணத்துக்கு யாரும் யாரையும் குற்றவாளியாக்கவில்லை என்பதுதான். பெண் கல்நெஞ்சக்காரி என்று யாரும் அங்கே பாடுவதில்லை. எல்லாருக்கும் காரணம் தெரியும். சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறுகிறார்கள்.

2025 ஜனவரி 3

"இவ்வளவு கோபமென்றால் நீங்கள் பாட்டே கேட்பதில்லையா?"

கேட்கிறேன், தினமும். இதைப் பற்றி டிசம்பர் முழுக்க யோசித்தேன். முதல் நாள் எழுதியதை அப்படியே விட்டுவிட மனமில்லை, இதையும் சேர்த்துப் படியுங்கள்.

லயத்தில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். காம்பராவுக்குக் காம்பரா இருக்கும் சுவர் கூரை வரை போகாது. மேலே இடைவெளி. ஒரு வீட்டில் முணுமுணுத்தால் அடுத்த வீட்டில் கேட்கும். அழ வேண்டுமென்றால் இடமே கிடையாது. ரேடியோவைச் சத்தமாக வைத்தால்தான் அழலாம். மருமகள்கள் வைத்தார்கள், கடன்காரனுக்குப் பதில் சொல்லிவிட்டு வந்த ஆண்கள் வைத்தார்கள். என்ன பாட்டு என்பதுகூட முக்கியமில்லை. சத்தமாக வைத்த ரேடியோ கேட்டால், அந்த வீட்டுக்கு இப்போது போக வேண்டாம் என்று அம்மா எங்களை நிறுத்திவைப்பார்.

அந்த வேலையைப் பாட்டு செய்தது. அதற்கு நான் கடமைப்பட்டவன். மருந்து என்று நான் இன்னமும் சொல்ல மாட்டேன். அது எங்களுக்கு இல்லாத சுவரைக் கொடுத்தது. என் வழக்கு அந்தப் பாட்டின் வரிகளோடு மட்டும்தான். ராகத்தோடு எனக்குச் சண்டை இல்லை.

ஜனவரி 4

சின்னம்மாவின் பாட்டு பதிவாகி இருக்கிறதா என்று கேட்கிறார்கள். ஒரு கேசட் இருக்கிறது, கடையில் வேலை பார்த்த காலத்தில் பதிந்தது. பற்களை உடைத்து வைத்திருந்ததால் யாரும் மேலே பதியவில்லை. தென்காசியில் ஒருவரிடம் டெக் இருக்கிறது, கணினிக்கு மாற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். மாற்றியதும் தொகைகளோடு வரிகளை எழுதி இங்கே போடுகிறேன்.

ஜனவரி 11

களியக்காவிளைப் பக்கத்திலிருந்து எழுதிய தம்பிக்கு.

மூணு வருஷமாக விரும்பும் பெண் இப்போது பேசுவதில்லை, காரணமும் சொல்லவில்லை, ராத்திரி முழுக்கப் பாட்டுதான் கேட்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். நர்சிங் முடித்தவள் என்றும் ஒரு வரி போகிறபோக்கில் இருக்கிறது. அந்த வரியைத்தான் நான் இரண்டு தடவை படித்தேன். கல்விக்கடன் எவ்வளவு? தவணை தொடங்கிவிட்டதா? ஜாமீன் போட்டது யார், வீட்டுப் பத்திரம் பேங்கில் இருக்கிறதா? வெளிநாட்டுக்கு அனுப்புவதாக ஏஜென்டுக்குப் பணம் கட்டியிருக்கிறார்களா? அவளுக்குக் கீழே தங்கை உண்டா?

இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருந்தும் அவள் வேண்டாம் என்றால் அது அவள் முடிவு, விலகி நில்லுங்கள். தெரியாதென்றால், கேட்கலாமா என்று அவளிடமே முதலில் கேளுங்கள். சரி என்றால் அவள் அப்பாவைப் போய்ப் பாருங்கள். கோபமாகப் பேசுவார், பேசட்டும். உங்கள் சம்பளச் சீட்டையும் உங்கள் வீட்டுக் கடன் விவரத்தையும் மறைக்காமல் எடுத்துக்கொண்டு போங்கள், நீங்கள் காட்டினால்தான் அவரும் காட்டுவார். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், சொந்தக்காரர்கள் இருப்பார்கள். சொந்தக்காரர் முன்னால் யாரும் கடனைப் பேச மாட்டார்கள். புதன், வியாழன் சாயங்காலம் பாருங்கள். போய்விட்டு வந்து என்ன சொன்னார் என்று எழுதுங்கள்.